ஐந்து வயதும் பதினான்கு நாளும்

தம்பி,

இந்தக் கடிதத்தை நீ எப்போது வாசிப்பாய் என்று எனக்குத் தெரியாது. வாசிப்பாயா என்பதே தெரியாது. பிள்ளைக்குக் கல்யாணம் கூடிவரும்போது, அல்லது வெளிநாட்டுக்குப் பயணம் அனுப்பும்போது தாய் தகப்பன் உட்கார்ந்து இப்படி எழுதுவார்கள். நான் அவ்வளவு காலம் பொறுத்திருந்தால், அதற்குள் கதையை எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன். அப்படி மாற்றக்கூடியவள்தான் நான். அதனால் இன்றே, இந்தச் சனிக்கிழமைப் பகலிலேயே எழுதுகிறேன். நீ வாசலில் குந்தியிருந்து போத்தல் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறாய். மழை வரப்போகிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாய், ஆனால் பதில் சொல்லமாட்டாய். உனக்கு இன்னும் ஒரு சொல்லும் வரவில்லை. "அம்மா" என்று நீ சொல்லிக் கேட்டதில்லை. வருகிற திங்கட்கிழமை உன்னைத் தோட்டத்துப் பாடசாலையில் முதலாம் வகுப்பில் விடப் போகிறோம். வேறு இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டிய இடம் ஏன் கிடைக்காமல் போனது என்பதைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறிவரும் இந்தத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து முதலில் கம்பஸ் போனவள் நான். அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது. சின்ன வயதில் நான் வாயே திறக்கமாட்டேன். அதற்காக யாரும் என்னைக் கண்டித்ததில்லை, பாராட்டினார்கள். "சத்தமே இல்ல, தங்கமான புள்ள" என்பார்கள். பாடசாலையில் பேசாமல் இருந்தவர்களுக்குத்தான் நல்ல பெயர். கம்பஸிலும் நான்கு வருடம் பின்வரிசையில் உட்கார்ந்து ஒரு கேள்வியும் கேட்காமல் பட்டம் வாங்கினேன். சிங்களம் புரியும், ஆனால் பேசினால் சிரிப்பார்களோ என்ற பயம். பேசாமல் இருந்தே ஒருத்தி அரசாங்க உத்தியோகம் வரை வந்துவிடலாம் என்பதற்கு நானே சாட்சியாக இருந்தேன். அதனால்தான், ஒன்றரை வயதில் நீ பேசாமல் இருந்தபோது எனக்குப் பயம் வரவில்லை. என்னைப் போல, என்று நினைத்தேன். அதில் ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது.

மாதத்துக்கு ஒரு நாள் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளுக்கு நிறை பார்ப்பார்கள். அம்மாமார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. அன்றைக்கு மிட்வைப் மிஸ் வருவார். பிள்ளைகளைத் தராசில் தொங்கவிட்டு நிறுத்து, ஒவ்வொருவருடைய கிளினிக் புத்தகத்திலும் எழுதுவார். அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. பிள்ளை சிரிக்கிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா, ஒரு சொல்லாவது சொல்கிறதா, இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுகிறதா என்று வயது வாரியாகக் கேள்விகள். பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாமாரிடம் மிஸ் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தானே அடையாளம் போடுவார். என்னிடம் மட்டும் புத்தகத்தையும் பேனையையும் நீட்டினார்.

"நீங்க படிச்சவங்கதானே, நீங்களே போட்டுருங்க. எனக்கு இன்னும் முப்பது புள்ள இருக்கு."

நான் வாங்கிக்கொண்டேன். "ஒரு சொல்லாவது சொல்கிறதா" என்ற இடத்தில் பேனை நின்றது. பக்கத்தில் ராஜி அக்கா நின்றாள். நம்முடைய லயத்தில் மூன்றாவது காம்பரா. அவளுடைய மகள் டிலுக்ஷி உன்னைவிட மூன்று மாதம் இளையவள், அவளும் அப்போது பேசவில்லை. ராஜி அக்காவின் கண் என் பேனையில் இருந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, நான் என்ன போட்டாலும் அவளுக்குப் புரியாது. அது எனக்குத் தெரிந்திருந்தும் வெட்கப்பட்டேன். கம்பஸ் போனவளின் பிள்ளை பேசவில்லை என்று என் கையாலேயே எழுத மனம் வரவில்லை. இரண்டு மாதத்தில் பேசிவிடுவான், அதற்குள் எதற்கு ஒரு கறை என்று நினைத்துச் சரி போட்டேன். ஒரு சரி போட்டால் அடுத்ததையும் போட வேண்டியிருக்கிறது. உன் இரண்டாவது பிறந்த நாளுக்குப் பிறகு, "இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுகிறதா" என்பதற்கும் சரி போட்டேன். அதே நாள் மிஸ் ராஜி அக்காவிடம் கேட்டார்.

"மக பேசுதா?"

"எங்க மிஸ் பேசுது? கழுத மாதிரி கத்துது, அவ்வளவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ராஜி அக்காவும் சிரித்தாள். மிஸ் சிரித்துக்கொண்டே துண்டுச் சீட்டு எழுதி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதை நீ தெரிந்துகொள்.

பிறகு லயத்தில் பேச்சு வந்தது. தண்ணீர்ப் பீலியில் குடம் வைத்துக்கொண்டு, "கம்பஸ்காரி மகன் இங்கிலீசுலதான் பேசுவானாம், தமிழுக்கு வாயத் தொறக்கமாட்டானாம்" என்று என் காதில் விழும்படி சொன்னார்கள். கோயிலில் மணியின் மேல் தண்ணீர் ஊற்றி, அதைப் பிடித்துக் குடிக்கக் கொடுத்தால் பேச்சு வரும் என்று ஒருத்தி சொன்னாள். நான் படித்தவள், இதெல்லாம் மூடநம்பிக்கை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை யாரும் பார்க்காத நேரத்தில் மாரியம்மன் கோயிலுக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போய் மணித் தண்ணீர் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்கு மட்டும் கொண்டுபோகவில்லை. கோயிலில் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். எனக்கு அதுதான் வித்தியாசமாக இருந்தது.

உனக்கு மூன்று வயது ஆனபோது என் அலுவலக மேசைக்கு ஒரு கடதாசி வந்தது. நான் பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறேன். சிங்களத்தில் வரும் அறிவித்தல்களைத் தமிழில் எழுதுவது பெரும்பாலும் என் தலையில்தான் விழும். டவுனில் அரசாங்க முன்பள்ளி ஒன்றோடு சேர்த்து, பேச்சும் மொழியும் தாமதமாக வரும் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடத்தப் போகிறார்கள். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது நிறையும் வரை. செலவில்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரிந்த டீச்சர். ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு கொண்டுவர வேண்டும். இதை நான் நல்ல தமிழில் எழுதினேன். "தாமதமாக" என்பதா, "பிந்தி" என்பதா என்று யோசித்து, தோட்டத்துச் சனங்களுக்குப் புரிவதற்காகப் "பிந்தி" என்று மாற்றியதுகூட ஞாபகம் இருக்கிறது. பிரதியெடுத்துத் தோட்டம் தோட்டமாக அனுப்பினோம். நம்முடைய தோட்டத்தில் பிள்ளைக்காம்பராக் கதவில் அதை ஒட்டியவளும் நானே. ராஜி அக்கா வந்து நின்று, "என்னா போட்டிருக்கு? வாசிச்சுச் சொல்லு தங்கச்சி" என்றாள். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவள் கேட்டு முடித்துவிட்டு உன்னைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நம்ம ரெண்டு பேரும் ஒண்ணாப் போவோமா? பஸ்சுல பேச்சுத் துணையா இருக்கும்."

"எங்க தம்பிக்கு அது தேவப்படாதுக்கா. அவன் பேசுவான். வெக்கம்தான்."

"அப்படியா? சரி சரி. படிச்சவங்க வீட்டுல புள்ளகூட யோசிச்சு யோசிச்சுத்தான் பேசும்போல."

அவள் குத்திப் பேசவில்லை, என்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் அப்படிச் சொன்னாள். இப்போது புரிகிறது. அவள் மாதத்தில் இரண்டு மூன்று நாள் பேரை, அதாவது நாள் சம்பளத்தை, விட்டுக்கொடுத்து டிலுக்ஷியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். துண்டு வாங்கினாள். வகுப்பில் சேர்த்தாள். பேர் குறைந்தால் மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையா ஏசுவார், ஏசட்டும் என்றாள்.

உன்னை நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான்கு வயதும் இரண்டு மாதமும் ஆனபோது. அதுவும் டிலுக்ஷி ஒரு நாள் நம்முடைய வாசலில் நின்று, "ஆன்ட்டி, தம்பி எங்க?" என்று கேட்ட பிறகு. அந்த மூன்று சொல் என் நெஞ்சில் விழுந்தது. அடுத்த நாளே லீவு போட்டேன்.

டாக்டர் நல்ல மனிதர், சிங்களவர். கிளினிக் புத்தகத்தைப் புரட்டினார். நான் போட்ட சரிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இரண்டு வயதில் பேசியிருக்கிறானே. எப்போது நின்றது?" என்று கேட்டார். அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பின்னால் வரிசையில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள், கதவு திறந்திருந்தது. புத்தகத்தில் பொய் எழுதினேன் என்று சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சொல் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. "அவனுடைய அப்பா கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போன பிறகு" என்றேன்.

வந்த சொல்லை இழந்த பிள்ளைக்கு ஒரு வழி, சொல்லே வராத பிள்ளைக்கு இன்னொரு வழி என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. டாக்டர் உன்னை முதல் வழியில் அனுப்பினார். மூளையைப் பார்க்கும் சோதனைக்குத் தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நாள் கொடுத்தார்கள். மூன்று மாதம் காத்திருந்தோம். உன் தலையில் பசை தடவி வயர்களை ஒட்டியபோது நீ என் கட்டை விரலைக் கடித்தாய். ஒன்றும் இல்லை என்று வந்தது. காதுக்கு ஒரு நாள். அதுவும் சரியாகவே இருந்தது. பிறகு மனம் சம்பந்தமான கிளினிக்குக்கு ஒரு நாள். ஒவ்வொரு இடத்திலும் அதே கேள்வி, அதே பதில். திரும்பத் திரும்பச் சொன்னதில் எனக்கே அது உண்மை போல ஆகிவிட்டது.

உன் அப்பாவும் அதை நம்பினார். தன்னால்தான் உன் பேச்சு நின்றது என்று நினைத்து, கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்தார். இரண்டு மாதம் உனக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரு கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு, "அப்பா வந்துட்டேன்டா. எங்கயும் போகமாட்டேன். ஒரு தடவ அப்பான்னு சொல்லு" என்று கெஞ்சினார். நீ பிஸ்கட்டைப் பார்த்தாய். அவர் கடைசியில் பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போவார். இதைப் பார்த்துக்கொண்டு நான் அடுப்படியில் ரொட்டி சுட்டேன். வாய் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே இது கேவலமானது. உனக்கு ஒரு நாள் மனைவி வந்தால், உன் தவற்றை அவள் சுமக்கும்படி விட்டுவிடாதே.

கடைசியாகப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ்ஸிடம் வந்தோம். அவரும் சிங்களவர், என் வயதுதான் இருக்கும். மேசையைச் சுற்றி வந்து நிலத்தில் உட்கார்ந்தார். உனக்கு ஒரு பந்தைக் கொடுத்துவிட்டு என்னிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "அவன் இரண்டு வயதில் சொன்ன சொற்களை எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், பரவாயில்லை" என்றார்.

நான் பேனையைப் பிடித்தேன். ஒரு சொல்லும் எழுதவில்லை.

"பத்துச் சொல் வேண்டாம். முதல் சொல் மட்டும் போதும்" என்றார். பிறகு மெதுவாக, "அதை எந்த அம்மாவும் மறக்கமாட்டாள்" என்றார்.

நான் அழுதேன். எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. கிளினிக் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார். இரண்டு வயதில் கொண்டுவந்திருந்தால் என்று தொடங்கியவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. உடனே டவுன் வகுப்புக்குத் துண்டு எழுதினார். தனக்கு மாதத்தில் ஒரு தடவைதான் உன்னைப் பார்க்க முடியும் என்றும், அது போதாது என்றும், தினமும் தமிழில் பழக்கும் இடம் அது ஒன்றுதான் என்றும் சொன்னார். உனக்கு அப்போது நான்கு வயதும் பதினோரு மாதமும்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். "அப்ப நான் இல்லையா காரணம்?" என்றார். "இல்லங்க" என்றேன். "ஒம்பது மாசமா நான்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். அடுத்த கிழமை கொழும்புக்குப் போய்விட்டார். பழைய கடையில் இடம் இல்லை, வேறு கடையில் சேர்ந்திருக்கிறார். தினமும் அழைக்கிறார், போனை உன் காதில் வைக்கச் சொல்கிறார். என்னோடு அளவாகத்தான் பேசுகிறார்.

வகுப்பில் இடம் இல்லை, யாராவது போனால் அழைக்கிறோம் என்றார்கள். உன் பிறந்த நாள் வந்தது, போனது. கேக் வெட்டினோம். நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். போன திங்கட்கிழமை அழைப்பு வந்தது, ஒரு பிள்ளை போய்விட்டது, நாளைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று. அழைத்தவர் வயதைக் கேட்கவில்லை. ராஜி அக்காவும் டிலுக்ஷியும் நம்மோடு பஸ்ஸில் வந்தார்கள். டிலுக்ஷி வழி முழுக்க வாய் மூடவில்லை. "டேய், அங்க பாரு, கோச்சி போகுது. டேய், ஒன்னத்தான்டா சொல்றேன், பாரேன்" என்று ரயில் போன பக்கம் உன் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "இவ வாயத் தொறக்கணும்ன்னு நேந்துக்கிட்டேன், இப்ப மூடணும்ன்னு நேந்துக்கணும் போல" என்றாள் ராஜி அக்கா. பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள்.

வகுப்பு ஒரு சின்ன அறை. எட்டுப் பிள்ளைகள். நீ உள்ளே போனதும் நேராக ஒரு மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாய். நீ எந்தப் புது இடத்திலும் அப்படி உட்கார்ந்ததில்லை. டீச்சர் உனக்கு எதிரே உட்கார்ந்து, பிஸ்கட் போட்ட ஒரு கிண்ணத்தை மூடிக் கையில் வைத்துக்கொண்டு, உன்னைப் பார்த்தபடி காத்திருந்தார். "சொல்லு" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நானாக இருந்தால் பத்துத் தடவை சொல்லியிருப்பேன், பிறகு நானே திறந்து கொடுத்திருப்பேன். அவர் காத்திருந்தார். நீ கிண்ணத்தைப் பார்த்தாய், அவர் முகத்தைப் பார்த்தாய், மறுபடி கிண்ணத்தைப் பார்த்தாய். உன் உதடு இரண்டும் ஒட்டிப் பிரிந்தது. "ப்பா" என்று ஒரு சத்தம். திற என்றோ, தா என்றோ, எதுவோ. அவரைப் பார்த்து, அவருக்காகச் சொன்னாய். ராஜி அக்கா என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

அதற்குப் பிறகுதான் டீச்சர் உன் பிறப்புச் சான்றிதழைக் கேட்டார். விரித்துப் பார்த்தார். ஐந்து வயதும் பதினான்கு நாளும்.

"அம்மா, ஐஞ்சு முடிஞ்சிருச்சே" என்றார்.

"பதினாலு நாள்தான் டீச்சர்."

"எனக்குப் புரியுது. நான் மேல கேட்டுப் பாக்குறேன், இருங்க." வெளியே போய் யாருக்கோ போன் பேசினார். ரொம்ப நேரம் பேசினார், கெஞ்சுவது போலக்கூடக் கேட்டது. திரும்பி வந்தபோது முகத்தில் பதில் இருந்தது. வயது தாண்டிய பிள்ளைக்கு இடம் கொடுத்தால், வெளியில் காத்திருக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கு இடம் போய்விடும் என்றார்களாம். அது நியாயம்தான். அந்த மூன்று வயதுப் பிள்ளையின் அம்மாவாக நான் இருந்திருக்க வேண்டும்.

"அப்ப இவன எங்க கூட்டிட்டுப் போறது டீச்சர்?"

"எனக்குத் தெரியலம்மா" என்றார்.

இத்தனை வருடத்தில் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன படித்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் புத்திமதி அது ஒன்றுதான், தம்பி. இல்லாததை இல்லை என்று சொல். கூட்டம் சிரித்தாலும் சொல். உனக்குப் பேச்சு வராமலே போனால், தலையை ஆட்டியாவது சொல். இதனால் உனக்கு என்ன லாபம் கிடைக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு இனிக் கிடைக்கப் போவது ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை முதலாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர். உன் முன்னால் கிண்ணத்தை மூடி வைத்துக்கொண்டு காத்திருக்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. நான் வீட்டில் செய்து பார்க்கிறேன். மூன்று நாளாகச் செய்கிறேன். நீ என் முகத்தைப் பார்ப்பதில்லை, கிண்ணத்தை மட்டும் பார்க்கிறாய், பிறகு எழுந்து மூடிகளிடம் போய்விடுகிறாய். அந்தச் சத்தம் மறுபடி வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நடந்ததில் இன்னும் ஒன்று இருக்கிறது. போவோம் என்று நான் கை நீட்டியபோது நீ எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டாய். கத்தவில்லை, அழவில்லை. டீச்சர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ராஜி அக்கா, "விடு தங்கச்சி, கொஞ்ச நேரம் ஒக்காரட்டும், அடுத்த பஸ்சுல போகலாம்" என்றாள். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்ற வெட்கத்தில் நான் குனிந்து, உன் விரல்களை ஒவ்வொன்றாக நாற்காலியிலிருந்து பிரித்தேன். பத்து விரல். கடைசி விரல் வரைக்கும் நீ விடவில்லை.

உன் அம்மா